செயலாளர் ஆண்டறிக்கை: விடுதியில் அடிபடுவதும் பதிவேட்டில் எழுதுவதும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, சக மனநலத் தாதியரே,

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. இரவுக் கடமை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்தவர்களுக்கு நன்றி. பொங்கல் ஒன்றுகூடல் வழமைபோல். இனி, இவ்வாண்டு சங்கத்தை அதிகம் வேலை வாங்கிய விடயத்துக்கு வருகிறேன்: கடமையில் வருத்தக்காரரிடம் அடிபடுவது.

எம்மில் பலர் அதை வெளியே சொல்வதேயில்லை. "வருத்தக்காரர்தானே, அவருக்கு என்ன தெரியும்" என்று நகக்கீறலுக்கு மருந்து பூசிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். அந்த இரக்கம் சரியானது. எமது விடுதிகளில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் அடிப்பவர்கள் அல்லர், வெளியே அடிபட்டு வந்தவர்கள். ஆனால் இரவில் ஆள் போதாது என்று ஒரு வைத்தியசாலைக்கு நாம் எழுதியபோது, சம்பவப் பதிவேட்டில் ஒன்றுமில்லையே என்று பதில் வந்தது. எரிச்சலூட்டும் பதில்தான். என்றாலும் அந்தப் பக்கங்களை வெறுமையாக விட்டவர்கள் நாமே.

நல்லூரில் நடத்திய பயிற்சிப் பட்டறைக்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலானோர் வந்தனர். மணிக்கட்டைப் பிடித்தால் பின்னால் இழுக்காமல், பிடித்தவரின் பெருவிரல் பக்கமாகத் திருப்பிக் கையை எடுக்கவேண்டும். கூந்தலைப் பிடித்தால் அந்தக் கையை எமது இரு கைகளாலும் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு துணைக்குக் குரல் கொடுக்கவேண்டும். செய்துகாட்ட வந்த மூத்த உறுப்பினரின் பிடியில் ஆண் தாதியர் இருவர் திணறியதைக் கண்டு மண்டபம் சிரித்தது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு கட்டிலருகே குனிவதை அன்றோடு பலர் விட்டுவிட்டார்கள்.

ஆயினும் பிடியை விடுவிப்பது கடைசி வேலை. ஒருவர் அடிக்கக்கூடும் என்பதை அதற்கு முன்பே கண்டுகொள்வதற்காக நோர்வேயில் உருவான புரோசெட் பட்டியலை அறிமுகப்படுத்தினோம். குழப்பம், எரிச்சல், ஆரவாரம், வாயால் மிரட்டல், உடலால் மிரட்டல், பொருட்களைத் தாக்குதல் என்ற ஆறில் அவரிடம் காணும் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 3 அல்லது அதற்கு மேல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவருக்கு அறிவித்து ஆயத்தமாக வேண்டும். கடமை மாறும் நேரத்தில் ஒரு நிமிடம் போதும். பட்டியலுக்கு அகப்படாதவையும் உண்டு. மனநோய்க்குப் போடும் ஹலோபெரிடோல் ஊசிக்குப் பிறகு கால் ஓயாமல் உலாவுகிறவர் திமிர் பிடித்தவரல்லர். அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம், இன்னுமோர் ஊசி அதைக் கூட்டும். கள்ளோ சாராயமோ திடீரென நின்றவர் இரண்டு மூன்று நாட்களில் குழம்பலாம் என்பதை அனுமதிக்கும்போதே எழுதிவைக்கவேண்டும். எவரையும் குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்தக் கூடாது, மூச்சு நின்றுவிடலாம்.

வீடுகளுக்குச் சென்று மாத ஊசி போடுபவர்கள் தனியாகப் போகவேண்டாம். உள்ளே போகும்போது படலையைக் கொளுவாமல் விடுங்கள், சைக்கிளைத் தெருவைப் பார்த்து நிறுத்துங்கள், வாசலுக்கு அண்மையில் அமருங்கள். நாயைக் கட்டச் சொல்வதில் வெட்கமில்லை.

இழுபறியில் ஊசி எம்மைக் குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்காமல், ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி உடனே அறிவிக்கவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள், இயன்றால் சில மணித்தியாலங்களிலேயே தொடங்கவேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தடவைகளையும் முடிக்காத உறுப்பினர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதைக் கவலையோடு குறிப்பிடுகிறேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். இரவில் எந்த மனநல விடுதியிலும் ஒரு தாதி தனித்து விடப்படக் கூடாது என்று கேட்டு மீண்டும் எழுதுவது ஒன்று. அடிபட்டவர் தன் கடமை முடியுமுன்னே பதிவேட்டில் எழுதுவதும், மறந்தால் பக்கத்தில் நின்றவர் எழுதுவதும் மற்றையது. முதலாவதற்கு நிருவாகம் மனம் வைக்கவேண்டும். இரண்டாவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் தனது கணக்கறிக்கையில் கூறுவார்.

செயலாளர்
யாழ்ப்பாணம்