பாப்பாவுக்கு, டிவி சரியாகிவிட்டது

திருநகர், மதுரை

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். முதலில் டிவி விஷயம். போன் படம் டிவியில் வரவில்லை என்று அம்மா உன்னிடம் புலம்பிக்கொண்டே இருந்தாளே, அது சரியாகிவிட்டது. மெக்கானிக் யாரும் வரவில்லை. நானே பார்த்தேன்.

நீ "யூடியூபில் பார்த்துக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். பரவாயில்லை, உனக்கு ஆபீஸ். ஆனால் சர்வீஸ் முழுக்க டெலிபோன் ஃபால்ட் பார்த்தவனிடம் போய் யூடியூப் பார் என்கிறாய். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் டயல் டோன் இல்லையென்றால் முதலில் போனைக் கழற்றிவிட்டு லைனை மட்டும் டெஸ்ட் பண்ணுவோம். கோளாறு கருவியிலா, வீட்டுக்கு வருகிற டிராப் வயரிலா, தெருவில் லைன் பிரிகிற டி.பி. பாக்ஸிலா, அதற்கும் முன்னால் உள்ள பில்லரிலா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போகவேண்டும். கம்பி இல்லாவிட்டாலும் முறை அதேதான்.

டிவியில் யூடியூப் போட்டேன், ஓடியது. அப்படியானால் டிவிக்கு நெட் இருக்கிறது. அம்மா போனைப் பார்த்தால் வைஃபை அணைந்து கிடக்கிறது. சார்ஜ் போய்விடும் என்று அணைத்து வைத்து டேட்டாவிலேயே ஓட்டியிருக்கிறாள். அதைப் போட்டேன். போனிலும் நெட் வந்தது. ஆனாலும் போன் படத்தை டிவிக்கு அனுப்புகிற 'காஸ்ட்' என்பதைத் தொட்டால் தேடிக்கொண்டே இருக்கிறது, டிவி பெயர் வரவில்லை. டிவியை ரிமோட்டில் அணைப்பது அணைப்பதே இல்லை, தூங்கத்தான் வைக்கிறது என்று மாடி வீட்டுப் பையன் சொன்னான். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிஷம் விட்டுப் போட்டேன். போனையும் அணைத்துப் போட்டேன். அப்போதும் வரவில்லை.

இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கவேண்டும் என்றான் பையன். ஒரே மோடம்தானே தம்பி என்றேன். செட்டிங்ஸில் போய்ப் பெயரைப் பார்க்கச் சொன்னான். அங்கேதான் பிடிபட்டது. நம் மோடம் மூன்று பெயர் காட்டுகிறது. ஒன்று சாதாரணம். ஒன்றின் பின்னால் 5ஜி என்று இருக்கிறது. அதற்கும் சிம் 5ஜிக்கும் சம்பந்தமில்லை, அது 5 கிகாஹெர்ட்ஸ். மூன்றாவது கெஸ்ட், வெளியாட்களுக்கானது. தலைதீபாவளிக்கு வந்தபோது, மாடி வீட்டுக்காரர்கள் பாஸ்வேர்டு கேட்கிறார்கள் என்று மாப்பிள்ளை போட்டுக் கொடுத்தாரே, அதேதான். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பேரும் வாங்கி மாட்டிய டிவி அன்றைக்கே அந்தக் கெஸ்டில் சேர்ந்துவிட்டது. கெஸ்டில் இருக்கிற கருவிக்கு நெட் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் வீட்டு வைஃபையில் இருப்பவை அதன் கண்ணில் படாது, அதுவும் இவற்றின் கண்ணில் படாது. மோடம் நடுவில் மறித்துக்கொள்ளும். பாதுகாப்புக்காக அப்படி. டிவியை வீட்டுப் பெயருக்கு மாற்றியதும் பட்டியலில் வந்து நின்றது.

அன்று மாப்பிள்ளை தன் ஐபோனில் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்ட எவ்வளவோ பார்த்தார், வரவில்லை. முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. நீ ஏதோ சொல்லப்போக, அவர் எழுந்து மாடிக்குப் போனார். அவரிடம் சொல், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. ஐபோன் ஏர்பிளே என்ற முறையில் அனுப்புகிறது, நம் டிவியில் அது கிடையாது. நம் டிவிக்குத் தெரிந்தது கூகுள் காஸ்ட், 2013-இல் வந்தது. அதற்கு முந்தின வருஷம் மிராகாஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. அதில் போனும் டிவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும், நடுவில் மோடமே வேண்டாம், வைஃபை போட்டிருந்தால் போதும். ஐபோனுக்கு அதுவும் ஆகாது. போனும் நல்ல போன், டிவியும் நல்ல டிவி. சேரவில்லை, அவ்வளவுதான். அவரிடம் சொல். சொல்லும்படி இருந்தால் சொல்.

அப்புறம் படம் விட்டு விட்டு வந்தது. மோடத்தை அம்மா பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள், பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். இரும்பு பீரோ மறைத்தால் சிக்னல் எப்படி வரும்? எடுத்து வெளியே ஸ்டூலில் வைத்தேன். டிவியையும் போனையும் அந்த 5 கிகாஹெர்ட்ஸ் பெயருக்கே மாற்றினேன். சாதாரணப் பெயர் 2.4, அதில்தான் தெருவே கூடி நிற்கிறது, நம் மைக்ரோவேவ் உட்பட. 5-இல் நெரிசல் குறைவு, ஆனால் சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். ஹாலுக்குப் போதும்.

கட்டணப் படத்தை மட்டும் இப்படி அனுப்ப முடியாது. காசு கட்டிப் பார்க்கிற படங்களை மிரரிங்கில், அதாவது போன் திரையை அப்படியே டிவியில் காட்டுகிற முறையில், போட்டால் திரை கறுப்பாகிவிடும், சத்தம் மட்டும் வரும். காப்பி எடுக்காமல் இருக்கப் பூட்டு வைத்திருக்கிறார்கள். டிவியில் உள்ள ஆப்பிலேயே பார்க்கவேண்டும். எங்களுக்கு அது தேவையில்லை. எங்களுக்கு வேண்டியது உன் முகம். புரை எடுத்த பிறகும் அம்மாவுக்குப் போனில் உன் முகம் சரியாகத் தெரியவில்லையாம். அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் இல்லை. நாங்களாகக் கூப்பிட்டோம், வீடியோவில். நீ எடுத்தது அதிர்ஷ்டம். அப்போது டிவியில் போட்டிருந்தோம், உனக்குத் தெரியாது. வாட்ஸ்அப் கால் என்றால் படம்தான் டிவிக்குப் போகிறது, குரல் போனிலேயே நின்றுவிடுகிறது. போனில் இருக்கிற திரையைச் சுருக்கி அனுப்பி, டிவி அதை விரித்துக் காட்டுவதற்குள் கொஞ்சம் தாமதமும் ஆகிறது. நான் கேட்டேன், நீ "நல்லாத்தான் இருக்கேன்ப்பா" என்றாய். சொல்லி முடித்த பிறகுதான் டிவியில் நீ அதைச் சொன்னாய். சத்தம் இல்லாமல். அப்புறம் நீ கீழே பார்த்தாய்.

போனில் இது தெரிந்திருக்காது.

உனக்குப் பின்னால் சுவர் மஞ்சளாக இருந்தது. உங்கள் வீட்டில் எந்த அறையும் மஞ்சள் கிடையாது, பால் காய்ச்சியபோது நான்தானே கூட நின்று ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பார்த்தேன். சீராகக் கொடுத்த பீரோவைக் காணோம். ஒற்றைக் கட்டில், அதன் மேல் பெரிய பெட்டி. பெயிண்ட் மாற்றியிருக்கலாம். பீரோவை அடுத்த அறைக்கு நகர்த்தியிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லித்தான் ஆகவேண்டும், அதனால் கேட்கவில்லை. அம்மா பார்த்தாளா என்றும் தெரியவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சொட்டு மருந்து என்றாள்.

ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. முகம் வற்றியிருக்கிறது.

நீ டீம் லீடர் ஆனதை இங்கே தெரியாதவர் இல்லை. டவுன்ஹால் ரோட்டில் பழைய எக்ஸ்சேஞ்ச் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் சொல்லிவிடுகிறேன். அம்மா கோபித்துக்கொள்கிறாள், கண் பட்டுவிடுமாம். உன் கையில் ஒரு வேலை இருக்கிறது, சொந்தச் சம்பாத்தியம் இருக்கிறது. யாரும் உனக்குச் சோறு போடவேண்டியதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சும்மாதான். ஆனால் அவ்வளவு பெரிய வேலை பார்க்கிறவளுக்கு வாரம் ஒரு போன் பண்ண நேரமில்லையா என்றும் இருக்கிறது. தம்பியிடம் மட்டும் பேசுகிறாய் போல. கேட்டால் அவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கிறான்.

பெரியத்தை விஷயம் உனக்குத் தெரியும். அந்த வீட்டில் அத்தனை பேர் இருந்தும் ஒருத்தரும் வாய் திறந்து கேட்கவில்லை. தாத்தாவும் கேட்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்றே இருந்துவிட்டார். அவர் காலம் வேறு. நான் அவர் இல்லை.

கடிதம் எதற்கு என்றேனே. மிரரிங் ஓடும்போது போனுக்கு வருகிற மெசேஜ் எல்லாம் டிவி மேலே வந்து நிற்கிறது. முந்தாநாள் பக்கத்து வீட்டு ஆச்சி, மாடி வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருக்க, கேஸ் புக்கிங் ஓ.டி.பி. பளிச்சென்று வந்தது. இப்போது 'தொந்தரவு செய்யாதே' என்பதைப் போட்டு வைக்கப் பழகிக்கொண்டேன், ஆனால் அம்மா மறந்துவிடுவாள். அதனால் எனக்கு மட்டும் சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால் மெசேஜில் வேண்டாம். கடிதம் போடு. இல்லையென்றால் காலையில் நான் வாக்கிங் போகிற நேரம் கூப்பிடு. ஆறு மணிக்கு மேல் பூங்காவில்தான் இருப்பேன், தனியாக.

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறப் போகிறது. பத்தாம் நாள் திருக்கல்யாணம், இந்தத் தடவை அம்மா கோயிலுக்குப் போகவில்லை, கூட்டத்தில் கண்ணில் தூசி படக்கூடாது. டிவியிலேயே பார்த்துக்கொள்வாள். வழக்கம்போல மஞ்சள் கயிறு அவளுக்கு ஒன்று, உனக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். கூரியரில் அனுப்பட்டுமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். நான் இன்னும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் சொல். வேண்டாம் என்றாலும் காரணம் கேட்கமாட்டோம்.

வரமுடிந்தால் வா. எதிர்சேவை பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று உனக்கு. இரண்டு பேரும் வந்தால் சந்தோஷம். நீ மட்டும் வந்தாலும் சரி. பெங்களூருக்கு 2024-இல் வந்தே பாரத் விட்டுவிட்டார்கள், மதியம் ஏறினால் ராத்திரி மதுரையில் இருக்கலாம். ரயிலில் விற்பதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ஆனால் சாப்பிடாமலும் வராதே. லீவு கேட்டுப்பார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றாலும் பார்க்கலாம், வைஃபை இப்போது ஹாலில் நன்றாக வருகிறது, உன் அறைக்கும் ஒரு ரிப்பீட்டர் போட்டுவிடுகிறேன்.

எந்தப் பெட்டி, எந்த சீட் என்று முன்னாலேயே எழுது, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். சாமான் அதிகம் இருந்தால் அதையும் எழுது. பீரோ மாதிரி பெரிய சாமான் இருந்தால் ரயில் ஆகாது. சிம்மக்கல்லில் தெரிந்தவர் மினி லாரி வைத்திருக்கிறார், பெங்களூரு வரைக்கும் போய் வருவார். நானும் அவர் கூடவே ஏறி வந்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா