உன் தங்கச்சியின் மகனைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்

அன்புள்ள மச்சான்,

அவனை இங்கே பிரித்தானியாவில் பிடித்துத் தடுத்து வைத்துவிட்டார்கள் என்று வியாழக்கிழமை இரவு நீ தொலைபேசியில் அழுதபோது எனக்கு ஒன்றும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. "பார்ப்பம், யோசிக்காதே" என்று நாலைந்து தரம் சொன்னதுதான் ஞாபகம். இப்போது அவனை நேரில் பார்த்துவிட்டேன். ஆறுதலாக இருந்து வாசி. தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டு, ஆனால் முதலில் நீ மட்டும் முழுவதையும் வாசி. அவளுக்கு எதை வாசிப்பது, எதை விடுவது என்று உனக்கே விளங்கும்.

சனிக்கிழமை பின்னேரம் போனேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தடுப்பு முகாம் அது. விரல் அடையாளம் எடுத்து, என் பையை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். பொடியன் மெலிந்துபோனான், மற்றபடி தேகசுகத்துக்குக் குறையில்லை. என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். நான் "இரு" என்று சொல்லும்வரை இருக்கவில்லை. தங்கச்சியின் வளர்ப்பு. அவனுடைய ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு, கமரா இல்லாத சின்ன ஃபோன் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நம்பர் எல்லாம் பழைய ஃபோனுக்குள். மனப்பாடமாக இருந்தது உங்கள் வீட்டு லான்லைன் ஒன்றுதான். அதனால்தான் முதல் அழைப்பு அகால நேரத்தில் உனக்கு வந்தது. அங்கே நின்ற ஒருவரிடம் பேனை இரவல் வாங்கி, பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் என் நம்பரை எழுதிக்கொண்டான். எழுதி முடித்ததும் கேட்டது, "மாமா வெங்காயம் கிண்டி முடிச்சிட்டாரோ?"

நடந்தது இதுதான். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போகிறவன். அன்றும் வழக்கம்போல வரிசையில் நின்றிருக்கிறான். உள்ளே ஒரு அறைக்கு வரச் சொன்னார்கள், ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள், அதோடு வான். போட்டிருந்த சட்டையோடு போனவன். ஊரில் யாரும் கேட்டால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லு: அவன் குற்றம் எதுவும் செய்யவில்லை. எங்கள் சனம் எல்லாவற்றுக்கும் "டிப்போர்ட்" என்ற ஒரே சொல்லைத்தான் பாவிக்கும். குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரை நாடுகடத்துவது வேறு, விசா இல்லை என்று அகற்றுவது வேறு. இவனுடையது இரண்டாவது. தங்கச்சி வெளியில் தலை காட்ட வெட்கப்படுகிறாள் என்று சொன்னாய். வெட்கப்பட ஒன்றுமில்லை.

"எத்தனை நாளைக்கு?" என்று நீ கேட்டதற்கு என்னிடம் ஒரு எண் இல்லை. பிரித்தானியாவின் குடிவரவுச் சட்டத்தில் தடுத்து வைப்பதற்கு நாள்கணக்கு இல்லை. 1983 இல் ஹர்தியால் சிங் என்ற இந்தியர் டேர்ஹம் சிறையில் இருந்தபடி போட்ட வழக்கில்தான், அனுப்புவதற்காக மட்டுமே ஒருவரைத் தடுத்து வைக்கலாம், அதுவும் நியாயமான காலத்துக்குத்தான், அனுப்பும் வேலையைச் சுணங்காமல் செய்யவும் வேண்டும் என்று நீதிபதி சொன்னார். லோயர்மார் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டுதான் நீதிமன்றம் போகிறார்கள். 2023 இல் வந்த சட்டம் "நியாயமான காலம்" எவ்வளவு என்ற முடிவை அமைச்சர் பக்கம் சாய்த்துவிட்டது. அதே ஆண்டு, கட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்து புரூக் ஹவுஸ் தடுப்பு முகாமில் நடந்த கொடுமைகளை விசாரித்த ஆணைக்குழு, 28 நாளுக்கு மேல் யாரையும் வைக்கக்கூடாது என்று சட்டம் கொண்டுவரச் சொன்னது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. ஒரு மனிதனை உள்ளே வைத்துவிட்டு, எப்போது விடுவோம் என்று சொல்லாமல் இருப்பதைவிடப் பெரிய வதை எனக்குத் தெரியவில்லை. நானும் 19 நாள் அப்படி இருந்தவன், உனக்குத் தெரியும். இரவில் தாழ்வாரத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழும்பி உட்காருவேன்.

சரி, செய்ததைச் சொல்கிறேன். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு சட்டத்தரணியோடு 30 நிமிடம் இலவசமாகக் கதைக்கலாம். பெயர் பதிய வேண்டும், அவ்வளவுதான். கேஸில் பிடிமானம் இருந்தால், கையில் காசில்லாதவருக்கு அரசாங்கச் சட்ட உதவியில் அதை மேலே கொண்டுபோவார்கள். அவன் பதிந்தான், ஒரு பெண் சட்டத்தரணி கிடைத்திருக்கிறார். நல்ல மனிசி. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கத் தெரிந்தவர். அவனுடைய முதல் அகதிக் கேஸைச் செய்தவரைப் பற்றி நான் கனக்க எழுத விரும்பவில்லை. காசைக் கையில் வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கத்தில் ஒரு வாக்குமூலம் எழுதி, வாசித்தும் காட்டாமல் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அப்பீல் தோற்றது அந்த இரண்டு பக்கத்தால். பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது இங்கே 1999 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், மச்சான். அதனால் நானும் ஆலோசனை சொல்வதில்லை. கூடப் போவேன், மொழிபெயர்ப்பேன், கடதாசி சேர்ப்பேன்.

இனி எழுதுவதை நீ மட்டும் வாசி.

அந்த 30 நிமிடத்தில் அவன் வேலை செய்த கடை, இருந்த விலாசம், வந்த விமானம் எல்லாம் சொன்னானாம். 2018 இல் ஊரில் அவனைக் கொண்டுபோய் வைத்திருந்த 11 நாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. தடுப்புக்கு வந்த முதல் இரவு ஒரு தாதி, தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்: "நீங்கள் சித்திரவதைக்கு உள்ளாக்கப்பட்டிருக்கிறீர்களா?" இவன் "இல்லை" என்றிருக்கிறான்.

நான் கேட்டேன், "ஏனடா இல்லை எண்டனி?"

அவன் சொன்னான், "அங்கிள், சித்திரவதை எண்டால் நகம் புடுங்கிறது, கரண்ட் வைக்கிறது. எனக்கு அடிதானே. எல்லாருக்கும் அடிச்சவங்கள்."

அந்த மண்டபம் புழுக்கமாக இருந்தது. நான் ஜக்கெட்டைக் கழற்றிவிட்டேன். அவன் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. சீனிப் பக்கெற்றை மடித்து மடித்து நகம் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, கீழே பார்த்தபடி, "கம்பியைச் சூடாக்கினவங்கள்" என்றான். அதையும் அவன் அடியோடுதான் சேர்த்து வைத்திருக்கிறான்.

எத்தனையோ பேருக்கு மொழிபெயர்க்கப் போயிருக்கிறேன், இது எனக்கு இவ்வளவு நாளாக உறைக்கவில்லை. "சித்திரவதை" பத்திரிகைச் சொல். எங்கள் வீடுகளில் யாரும் அதைச் சொல்வதில்லை. அடிச்சவங்கள், போட்டுச் சாத்தினவங்கள், உள்ளுக்கை வைச்சிருந்தவங்கள் என்றுதான் சொல்வோம். அதையும் சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுவோம். நீயும் நானும் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆமியின் சென்றிப் பொயின்ரில் எங்களுக்குச் சொல்லித் தந்தது என்ன? கேட்டதற்கு மட்டும் பதில், குனிந்த தலை. உன் அம்மா வாசலில் நின்று அதைத்தானே நாளாந்தம் சொல்லி அனுப்புவா. அந்த வாய் பூட்டு எங்களை அங்கே உயிரோடு வைத்திருந்தது. இவனும் அதே பூட்டோடுதான் வந்திருக்கிறான். இங்கே அதே பூட்டு இவனை விமானத்தில் ஏற்றிவிடும். முன்பு சொல்லாததை இப்போது சொன்னால் "ஏன் முதலில் சொல்லவில்லை, இட்டுக்கட்டுகிறாய்" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் எழுதத்தான் சட்டத்தரணி வேண்டும்.

வழி இருக்கிறது. தடுப்பு நிலைய விதிகளில் 35 ஆவது விதி என்று ஒன்று. ஒருவர் சித்திரவதைக்கு உள்ளானவராக இருக்கலாம் என்று உள்ளே உள்ள வைத்தியருக்குப் பட்டால், அவர் அதை முகாம் பொறுப்பாளர் மூலம் ஹோம் ஒபிஸுக்கு, அதாவது குடிவரவைப் பார்க்கும் உள்துறை அமைச்சுக்கு, எழுதி அறிவிக்க வேண்டும். அறிவித்தால், இவரைத் தொடர்ந்து வைத்திருக்கலாமா என்று அவர்கள் திரும்ப யோசித்தே ஆக வேண்டும். உடனே விடுவார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்தக் கடதாசி கேஸுக்கு ஒரு முதுகெலும்பு. அதன் பிறகு வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்து தழும்புகளைப் பார்த்து அறிக்கை எழுதலாம். "தழும்பை நீயே போட்டிருப்பாய்" என்றும் சொல்வார்கள், நீ இதை வாசித்துத் திடுக்கிடாதே. கையிலும் முதுகிலும் சூடு வைத்த தழும்போடு வந்த ஒரு தமிழருக்கு அப்படித்தான் சொன்னார்கள், யாரையாவது பிடித்துச் சூடு வைக்கச் சொல்லியிருப்பாய் என்று. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மார்ச்சில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அப்படித் தன் உடம்பைச் சூடு வைக்கக் கொடுப்பவர்கள் மிக மிக அரிது என்பதை மனத்தில் வைக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். இதை நான் அவனிடம் சொன்னபோதுதான் முதல் தடவை என் முகத்தை நேராகப் பார்த்தான். "அந்த ஆள் எல்லாத்தையும் சொன்னவரோ?" என்றான். சொன்னவர் என்றேன்.

புதன்கிழமை அவனுக்கு வைத்தியரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. "சித்திரவதை என்ற சொல்லைத் தேடாதே, நடந்ததை நடந்தபடி சொல்லு, அடி என்றால் அடி, எதால், எங்கே, எத்தனை நாள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுக்கு மேல் நான் சொல்லிக் கொடுக்கக்கூடாது, அது அவனுடைய கதை.

பெயில், அதுதான் பிணை, பற்றிக் கேட்டாய். நீதிபதியிடம் கேட்கலாம். யாரும் கேட்காவிட்டாலும் நாலு மாதம் முடிந்தால் ஹோம் ஒபிஸே கேஸை நீதிபதி முன் வைக்க வேண்டும். ஆனால் அவசரப்பட்டுக் கேட்டு மறுத்துவிட்டால், புதிய காரணம் இல்லாமல் 28 நாளுக்குள் திரும்பப் போனால் விசாரணையே இல்லாமல் தள்ளிவிடுவார்கள். அதனால் வைத்தியரின் அறிக்கை வரட்டும் என்று சட்டத்தரணி சொல்கிறார். இருக்க விலாசம் வேண்டும், பொறுப்பு நிற்க ஆள் வேண்டும். இரண்டுக்கும் நான் இருக்கிறேன். உன் மச்சாள் மேல் அறையில் இருந்த தையல் மெசினை ஞாயிற்றுக்கிழமையே கீழே இறக்கிவிட்டா.

தங்கச்சி தோட்டக் காணியை விற்கப் போகிறாள் என்றாய். வேண்டாம் என்று சொல்லு, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லு. "வெள்ளிக்கிழமைக்குள் வெளியில் எடுத்துத் தாறன்" என்று அவளுக்கு ஃபோன் எடுத்தவர் யாராக இருந்தாலும் அது பொய். அப்படி எடுக்க யாராலும் முடியாது.

அவள் செய்யக்கூடியது வேறு. சத்தியக்கடதாசி ஒன்று முடித்து அனுப்பட்டும்: எந்த நாள் கொண்டுபோனார்கள், எந்த நாள் வந்தான், யார் போய்க் கூட்டிவந்தது, அவன் இங்கே வந்த பிறகு யாராவது வீட்டுக்கு வந்து விசாரித்தார்களா. ஆஸ்பத்திரித் துண்டு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், மனித உரிமை ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால் அதன் ரசீது, எது இருந்தாலும் ஒறிஜினலை அனுப்பு. வந்த தபால் உறையையும் நாங்கள் வைத்திருக்க வேண்டும். ஊரில் வழக்கமாகச் செய்வதுபோல எம்பியிடமும் தெரிந்த பாதிரியாரிடமும் போய், அவர்கள் காணாததைக் கண்டதாக எழுதி வாங்காதே. ஒரு பொய்க் கடிதம் அகப்பட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். இவனுக்குப் பொய் தேவையில்லை.

விமான நாள் குறித்த கடிதம் வந்தால் என்ன செய்வது என்று நான் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்: அந்த நிமிடமே சட்டத்தரணிக்கு எடுக்க வேண்டும், நாளைக்கு என்று வைக்கக்கூடாது. முன்பு நாளே சொல்லாமல், மூன்று மாதத்துக்குள் எப்போதும் ஏற்றுவோம் என்று கடிதம் கொடுப்பார்கள். லோயரைப் பிடிக்க நேரமே விடாத அந்த வழக்கத்தை 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. 2013 பெப்ரவரியில் கொழும்புக்கு ஒரு தனி விமானம் புறப்பட இருந்ததே, உனக்கு அப்போது எழுதினேன். புறப்படுவதற்குக் கொஞ்சம் முந்தி உயர் நீதிமன்றம் தமிழர்களை ஏற்றக்கூடாது என்று தடுத்தது. அன்று இரவு நாங்கள் ஏழெட்டுப் பேர் லண்டன் ஹரோவில் ஒரு கடை வாசலில் குளிருக்குள் நின்று, யார் யார் இறக்கப்பட்டார்கள் என்று ஃபோனில் பெயர் பெயராகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அது நினைவிருக்கும்வரை நான் கை விடமாட்டேன். வெல்லுவோம் என்று உனக்கு வாக்குத் தரவும் மாட்டேன்.

எங்கள் வீட்டில் எல்லாரும் சுகம். மூத்தவள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். உன் சீனி வருத்தத்துக்கு மருந்து ஒழுங்காக எடுக்கிறாயா? பள்ளிக்கூடத்துப் பழைய மண்டபத்தை இடிக்கப் போகிறார்களாம் என்று கேள்விப்பட்டேன், உண்மையோ எழுது.

இன்னும் ஒன்று, புதன்கிழமைக்கு முன்னம் வேண்டும். எந்த நாள் வீட்டுக்குத் திரும்பி வந்தான் என்று அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நல்ல மழை, அம்மா வேப்பெண்ணெய் பூசினா, அதுதான் ஞாபகம் என்கிறான். தங்கச்சி பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் கோயில் கலண்டரில் எழுதுகிறவள். அந்த வருசக் கலண்டர் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும், நானே கண்டிருக்கிறேன். போய்ப் பார். இருந்தால் தாளைக் கிழிக்காமல் முழுக் கலண்டரையும் ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் வாங்குத் தோழன்