கடையைப் பறித்தது கும்பல் மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1938 நவம்பரில் நாஜி ஆட்சி யூதர்கள் மீது ஏவிய வன்முறை பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரை, ஜெர்மனியில் யூதர்களின் கடைகள் 'ஒரே இரவில்' அழிந்துபோனதாகச் சொல்கிறது. கண்ணாடி உடைந்தது அந்த இரவில்தான். ஆனால் அந்தக் கடைகளின் குரல்வளையை நெரிக்கும் வேலை ஐந்தரை ஆண்டுகளாகப் பட்டப்பகலில் நடந்துகொண்டிருந்தது. ஜவுளி வியாபாரத்திலேயே காலம் கழித்தவன் என்பதால், இது விடுபட்டதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பெர்லினில் 'என். இஸ்ரேல்' என்றொரு பெரிய கடை இருந்தது. 1815இல் நாத்தான் இஸ்ரேல் சிறிய அளவில் தொடங்கியது. பேரப்பிள்ளைகள் காலத்தில் நகராட்சி மாளிகைக்கு எதிரே ஒரு கட்டடத் தொகுதி முழுவதையும் அடைத்து நின்றது. துணிமணி, ஆயத்த ஆடை, படுக்கை விரிப்பு என எதற்கும் அங்கே போகலாம். முதல் உலகப் போருக்கு முன் ஆண்டுதோறும் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு படங்களோடு அழகிய தொகுப்பு அச்சிட்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பார்கள். மூன்று தலைமுறை வாடிக்கையாளர்களை அப்படித்தான் சம்பாதித்தார்கள்.

1933 ஏப்ரல் 1, சனிக்கிழமை. நாடெங்கும் யூதர் கடைகளின் வாசலில் நாஜிக் கட்சிப் படையினரான பழுப்புச் சட்டைக்காரர்கள் 'யூதர்களிடம் வாங்காதீர்கள்' என்ற அட்டைகளோடு நின்றார்கள். அதே ஆண்டு மே மாதம் நடந்ததுதான் எனக்கு இன்னும் கொடியதாகத் தோன்றுகிறது. அதைச் செய்தவர்கள் சீருடைக்காரர்கள் அல்லர், சக தொழில்காரர்கள். யூதரல்லாத ஆடை உற்பத்தியாளர்கள் 'அடெஃபா' என்ற சங்கத்தை அமைத்தார்கள். பெர்லினின் ஹவுஸ்ஃபோக்டைப் பிளாட்ஸ் வட்டாரத்தில் யூதர்கள் கட்டியெழுப்பிய ஆயத்த ஆடைத் தொழிலிலிருந்து அவர்களையே வெளியேற்றுவதுதான் அதன் நோக்கம். யூதர் கை படாத சரக்கு என்று தெரிவிக்கும் அடையாளச் சீட்டை உடையிலேயே தைத்து விற்றார்கள். சட்டையின் உள்பக்கம் காலர் அடியில் தைக்கும் அந்தச் சிறு துணித்துண்டு நம் தொழிலில் தரத்துக்கு உத்தரவாதம். அதை வெறுப்புக்கு உத்தரவாதமாக்கினார்கள். அந்த யூதர்கள் நூல் வாங்கிய இடமும் அவர்களிடம் துணி வெட்டியவரின் திறமையும் தெரிந்தே செய்தார்கள். 1939 ஆகஸ்டில், வந்த வேலை முடிந்தது என்று சங்கத்தைக் கலைத்தார்கள்.

கடையை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். வாங்க வந்தவர் சரக்கின் மதிப்பை மட்டும், அதையும் அடிமாட்டு விலைக்குத்தான் போடுவார். பல பத்தாண்டுகள் சேர்த்த நல்ல பெயருக்கு, நிலையான வாடிக்கைக்கு, ஒரு காசும் கிடையாது. கிடைத்த பணமும் முடக்கப்பட்ட கணக்குக்குள் போகும். நாட்டைவிட்டு வெளியேறினால் சொத்தில் நான்கில் ஒரு பங்கு வரி.

நவம்பர் 9 இரவு ஏறக்குறைய 7,500 கடைகள் நொறுக்கப்பட்டன, என். இஸ்ரேலும் தப்பவில்லை. மூன்றாம் நாள், 12ஆம் தேதி, ஹிட்லரின் அமைச்சர் கோயரிங் கூட்டிய கூட்டத்தில் பேசப்பட்டதை எல்லா வணிகர்களும் படிக்க வேண்டும். உடைந்த காட்சிக் கண்ணாடிகளுக்கு மாற்று பெல்ஜியத்திலிருந்து அந்நியச் செலாவணி கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அங்கே கவலை. இவ்வளவு பொருளை அழித்ததற்குப் பதில் 200 யூதர்களைக் கொன்றிருக்கலாமே என்று கோயரிங் சொன்னது அந்தக் கூட்டத்தில்தான். முடிவு என்ன? காப்பீட்டுத் தொகையை அரசு எடுத்துக்கொண்டது. உடைந்ததைக் கடைக்காரரே சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். யூதர்கள் அனைவரும் சேர்ந்து 100 கோடி மார்க் அபராதம் கட்ட வேண்டும். 1939 ஜனவரி 1 முதல் எந்த யூதரும் சில்லறைக் கடை நடத்தக்கூடாது.

என். இஸ்ரேலை அப்போது நடத்திய வில்ஃப்ரிட் இஸ்ரேல் லண்டனில் பிறந்தவர், பிரிட்டிஷ் குடிமகன். நினைத்திருந்தால் எப்போதோ கிளம்பியிருக்கலாம். சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் அடைக்கப்பட்ட ஊழியர்களை மீட்க அலைந்தார். தம் யூத ஊழியர்கள் நாட்டைவிட்டு வெளியேறப் பணம் கொடுத்தார். ஏறத்தாழ 10,000 குழந்தைகளைப் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டுக்காக லண்டனோடு பேசியவர்களில் அவரும் ஒருவர். கடை கைமாறிய பிறகு, 1939இல்தான் புறப்பட்டார். 1943 ஜூன் 1 அன்று, அகதிகளுக்கான பணியை முடித்து லிஸ்பனிலிருந்து திரும்பியபோது, அவர் வந்த பயணிகள் விமானத்தை ஜெர்மானியப் போர் விமானங்கள் பிஸ்கே வளைகுடா மீது சுட்டு வீழ்த்தின. விமானத்தில் இருந்த 17 பேரும் இறந்தனர்.

கட்டுரையாளர் கும்பலைப் பற்றி எழுதியது சரிதான். ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு மலிவு விலைக்குக் கடை வாங்கியவர்கள், போட்டியாளர் ஒழிந்தார் என்று மகிழ்ந்த சங்கத்தார், வசூல் செய்த வரி அதிகாரிகள் ஆகியோரைப் பற்றியும் எழுத வேண்டும். அவர்களில் மிகப் பலர் கல் எறியவே இல்லை. வரும் இதழொன்றில் தனிக் கட்டுரையாகவே இதை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு