கண்ணாடிமேல் வரைந்த பாலம்

அன்புள்ள கதிர்,

உன் வீடியோத் தொடரில் பார்க்கிற பிள்ளையும் சேர்ந்து விளையாட வேண்டும் என்று எழுதியிருந்தாய். தொடுதிரை வந்த பிறகுதான் இதெல்லாம் முடிகிறது என்றும் ஒரு வரி. அந்த வரியை அடித்துவிடு. அமெரிக்கத் தொலைக்காட்சி இதை 1953-லேயே செய்து பார்த்துவிட்டது.

அதற்கு முன், 1947 டிசம்பர் 27-இல் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஹவுடி டூடி’ பொம்மை நிகழ்ச்சியில் சுமார் 40 குழந்தைகளை ஸ்டுடியோவிலேயே உட்கார வைத்தார்கள். நிகழ்ச்சியை நடத்திய பஃபலோ பாப் கேட்பார், அவர்கள் கத்துவார்கள். வீட்டில் இருந்த பிள்ளைக்கு வேடிக்கை மட்டும்தான். 1952-இல் சிகாகோவிலிருந்து ‘டிங் டாங் ஸ்கூல்’ நடத்திய பிரான்சிஸ் ஹார்விச், கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்தார். வீட்டுப் பிள்ளை பதில் சொல்ல அந்த இடைவெளி. கேமராவும் குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கியது. எனக்கு அந்த மௌனம் பெரிய கண்டுபிடிப்பாகவே படுகிறது.

அடுத்து வந்ததுதான் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘விங்கி டிங்க் அண்ட் யூ’. 1953 அக்டோபர் 10 முதல் 1957 வரை, சனிக்கிழமைக் காலைகளில். நடத்தியவர் ஜாக் பாரி. 50 சென்ட் அனுப்பினால் தபாலில் ஒரு பொட்டலம் வரும்: ஒளி ஊடுருவும் வினைல் தாள், கிரேயான்கள், அழிக்கத் துணி. தாளைத் துணியால் தேய்த்துத் திரையில் வைத்தால் நிலைமின்சாரத்தில் ஒட்டிக்கொள்ளும். பசை வேண்டாம், பழைய படக்குழாயின் கண்ணாடியே மின்னேற்றம் பிடித்து நிற்கும்.

கார்ட்டூன் பையன் விங்கி பள்ளத்தின் விளிம்பில் வந்து நிற்பான். பாரி சொல்லச் சொல்லப் பிள்ளை இரண்டு கரைக்கும் நடுவே கோடு இழுக்கும். விங்கி அதன்மேல் நடந்து போவான். நிகழ்ச்சியில் காட்டிய ரகசியச் செய்தி இன்னும் கெட்டிக்காரத்தனம். முதலில் எழுத்துகளின் நெடுங்கோடுகள் மட்டும் தெரியும்; அவற்றின் மேல் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு குறுக்குக்கோடுகள் வரும். ஆங்கில ‘ஹெச்’ என்றால் இரண்டு கால்கள் முன்னால், நடுக்கட்டை பின்னால். தாள் இல்லாதவருக்குச் செய்தி கடைசிவரை புரியாது. விற்பனைத் தந்திரமும் அதுவே.

இடறியது எங்கே? தாள் வாங்காத பிள்ளைகள் நேராகக் கண்ணாடியிலேயே கிறுக்கினார்கள். பெற்றோருக்குக் கோபம் வராமல் இருக்குமா? இன்னொன்று, விங்கியின் நடை முன்பே வரைந்து முடித்த படம். பிள்ளை கோடு இழுக்காவிட்டாலும் அவன் வெறும் காற்றில் நடந்து அக்கரை போய்விடுவான். அதைப் பார்த்த குழந்தைக்குத் தன் உதவி தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

நீ இதைச் செய்வதானால் இரண்டு விஷயம். பாலத்தின் இரு முனைகளையும் திரையின் ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வை. சில டிவிகள் படத்தின் விளிம்பை வெட்டிவிடும். எல்சிடி திரையில் தாளும் வேண்டாம், கிரேயானும் வேண்டாம். அழுத்தினால் பேனல் கெடும், அந்தப் பழைய ஒட்டும் மின்னேற்றமும் அதில் இல்லை. பிள்ளையைத் தரையில் ஒரு தாளில் வரையச் சொல். ஹார்விச் காத்திருந்தது போல, கோடு முடியும்வரை உன் பாத்திரமும் விளிம்பிலேயே நிற்கட்டும். எத்தனை வினாடி என்பதை நாலு வயதுப் பிள்ளை ஒன்றை வரையவிட்டு, கடிகாரம் பார்த்து முடிவு செய்.

அன்புடன்,
அண்ணன்