இராமநாதபுரத்து மழையைக் கணக்கெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் மாவட்டத்தின் வேளாண்மைக்கும் நீர்நிலைகளுக்கும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நம் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறக்குறைய 827 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்து ஓர் ஆண்டை 'இயல்பான மழை' என்று முடித்துவிடும்போது, மழையை மட்டுமே நம்பிய மானாவாரி நிலத்தில் நடந்தது எதுவும் அதில் தெரிவதில்லை.

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்வதால் ஆடியில் எங்களுக்கு மிஞ்சுவது காற்றும் புழுதியும்தான். ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் ஈரமற்ற மண்ணில் நெல்லை விதைத்து, உழுது மூடிவிட்டு மழைக்குக் காத்திருக்கிறோம். புழுதி விதைப்பு என்பது இதுதான். ஒரு மழையில் முளைத்து விரற்கடை உயரம் வந்த பயிர், அடுத்த இருபது நாள் வானம் வெறித்துவிட்டால், நுனி சுருண்டு ஊசிபோலாகி, தொட்டு இழுத்தாலே வேரோடு கையில் வந்துவிடும். மறுவிதைப்புக்கு விதைநெல் வாங்கக் கடன்பட்டது எந்த மழைமானியிலும் பதிவாவதில்லை. பிறகு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விட்ட மழையெல்லாம் சேர்ந்து கொட்டினால் சராசரி நிரம்பிவிடும். முண்டு மிளகாய்ச் செடி தூரில் தண்ணீர் கட்டி வாடும்.

2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தீவில் பெய்த அந்த மழையால் உள்நிலத்தில் இருக்கும் கமுதி, முதுகுளத்தூர்க் கண்மாய்களுக்கு (ஏரிகளுக்கு) நீர் வர வழியில்லை. மாவட்டச் சராசரியில் மட்டும் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே, ஒவ்வொரு மழைமானி நிலையத்தின் அன்றாட அளவையும், இரு மழைகளுக்கு இடைப்பட்ட வறண்ட நாள்களின் எண்ணிக்கையையும் வாரந்தோறும் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதச் செய்ய வேண்டுகிறோம். பயிர் இழப்பை மதிப்பிடும்போதும் அந்த இடைவெளியையே முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்கள். ஆர்.எஸ். மங்கலம் (இராஜசிங்கமங்கலம்) கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பெருமையாகச் சொல்வோம். நீர் திறந்துவிடும் மடை எத்தனை இருந்தென்ன, மூன்று நாளில் வந்துபோகும் மழைநீர் சீமைக் கருவேலம் அடைத்த கால்வாயில் தேங்கி வழிமாறினால் கண்மாய்க்கு எப்படி வரும்? கால்வாய் மராமத்து வேலையைப் புரட்டாசியில் தொடங்கினால் பாதியிலேயே மழை வந்துவிடும். விதைப்பும் அப்போதுதான் நடக்கும், வேலைக்கு ஆளும் கிடைக்காது. வைகாசியிலேயே தொடங்கி, ஆடி முடிவதற்குள் முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முதுகுளத்தூர் வட்டாரத்து மானாவாரி விவசாயி ஒருவர்