அண்ணே, நான்தான் நிக்கிறேன்

அண்ணே,

நேத்து சாயங்காலம் நாமினேஷன் குடுத்தாச்சு. நம்ம காலேஜ் ஆசிரியர் சங்கத்துப் பொதுச்செயலாளர் பதவிக்கு. இந்நேரம் போட்டோ குரூப்ல சுத்தி, நாலு பேர் அதை உங்களுக்கு அனுப்பி, "பாத்தீங்களா சார், நீங்க வளத்துவிட்ட ஆளு பண்ணுன வேலைய"ன்னு போனும் போட்டிருப்பாங்க. முதல்ல உங்ககிட்டதான் சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா "வாத்தா, உக்காந்து பேசுவோம்"னு கூப்பிட்டிருப்பீங்க, நானும் வந்திருப்பேன், அண்ணி வெள்ளைப் பணியாரமும் மிளகாச் சட்னியும் கொண்டாந்து வச்சிருப்பாங்க, ரெண்டாவது ஈடு இறங்குறதுக்குள்ள துணைத் தலைவர் போதும்னு தலையாட்டிட்டு பஸ் ஏறியிருப்பேன். போன தடவையும் அப்படித்தானே நடந்துச்சு. அதனாலதான் சொல்லல. மன்னிச்சுக்கங்க. மனசு வரலேன்னாலும் பரவால்ல, வாபஸ் வாங்குறதா இல்ல.

இன்னொருத்தரும் குடுத்திருக்காரு. அவரைப் பத்தி இங்க ஒண்ணும் எழுதல. நல்ல மனுஷன், ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒரே மேடையில உக்காரணும், இதை யார் யாரெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுப்பாங்கன்னும் எனக்குத் தெரியும். அவரை நிறுத்துனது யாரு, எந்த மண்டபத்து மாடியில பேசி முடிச்சீங்கங்கிறது உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும். "ஒருமனதாகத் தேர்வு"ன்னு மினிட்ஸ்ல எழுதுற அழகான வழக்கம் இந்தத் தடவை இல்லண்ணே, அவ்வளவுதான்.

நாமினேஷன் பாரத்துல கையெழுத்து போடுறப்ப எனக்கு ஞாபகம் வந்தது நீங்க இல்ல. அண்ணிதான்.

2003 ஜூலை. அரசு ஊழியர், ஆசிரியர் ஸ்டிரைக்கு, அதை ஒடுக்க எஸ்மா சட்டம், ராவோட ராவா கைது, ஏறக்குறைய 1.7 லட்சம் பேருக்கு ஒரே வீச்சுல வேலை போனது, அதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா. அண்ணி பேரும் அந்த லிஸ்ட்ல. மாச கடைசியில கோர்ட்டுல ஒரு வழி பொறந்துச்சு, நிபந்தனையில்லாம மன்னிப்புக் கேட்டு, இனிமே ஸ்டிரைக் கூடாதுங்கிற நடத்தை விதி 22-ஐ மீற மாட்டேன்னு எழுதிக் குடுத்தா திரும்ப வேலை. நான் அப்ப லைப்ரரியில தற்காலிகம், வயசுல சின்னவ, உங்க வீட்டு முகப்புல புத்தகம் அடுக்க வந்தவ. வளவுல தூணு ஓரமா அண்ணி ஆத்தங்குடிக் கல்லு மேல சம்மணம் போட்டு உக்காந்திருந்தாங்க, மடியில பரீட்சை அட்டை, கிளிப்புல ஒரு வெள்ளைத் தாளு. நீங்க நின்னுக்கிட்டு டிக்டேஷன் சொன்னீங்க. ஊரெல்லாம் மைக் புடிச்சு கோஷம் போட்ட அதே தொண்டை, அன்னைக்கு "நிபந்தனையற்ற"ங்கிற இடத்துல ரெண்டு தடவை செருமுச்சு. அண்ணி பேனாவை எடுத்துட்டு நிமிந்து பாத்து, "ஸ்டிரைக்குன்னு முடிவு பண்ண கூட்டத்துல பொம்பளை எத்தனை பேரு இருந்தாங்க?"ன்னு கேட்டாங்க. கோவமா கேக்கல. அட்டெண்டன்ஸ் எடுக்குற மாதிரி கேட்டாங்க. நீங்க "அதெல்லாம் இப்ப எதுக்கு, எழுது"ன்னீங்க.

அவங்களும் எழுதுனாங்க.

அப்புறம் ஜெராக்ஸ் கடைக்கு என்னையும் கூட்டிட்டுப் போனீங்க. வரிசையில நின்ன அத்தனை பேர் கையிலயும் அதே லெட்டர்தான், எல்லாரும் எழுத்து உள்பக்கமா இருக்குற மாதிரி மடிச்சுப் புடிச்சிருந்தாங்க. யாரும் யார் மூஞ்சியையும் பாக்கல. நீங்க மட்டும் உங்க முறை வந்ததும் தாளை விரிச்சு, எழுத்து மேல பாக்குற மாதிரி கண்ணாடி பக்கத்துல வச்சுட்டு, பின்னாடி நின்ன வயசான டீச்சர்கிட்ட "அம்மா, எழுத்து அழகா இருக்கு பாருங்க"ன்னீங்க. அந்தம்மா சிரிச்சாங்க, அவங்களும் மடிப்பைப் பிரிச்சாங்க. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷமா உங்க பின்னாடி ரசீது புத்தகத்தைத் தூக்கிட்டு திரிஞ்சேன்னு வச்சுக்கங்களேன். தலைவர்னா இப்படி இருக்கணும்னு தோணுச்சு. அண்ணி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவே இல்ல, இன்னைக்கு வரைக்கும்.

(அண்ணி பேரை எதுக்கு இழுத்தேன்னு கோவப்படாதீங்க, கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுது, என் கையெழுத்து நல்லா இருந்துச்சுன்னும் சேத்து எழுது"ன்னாங்க.)

சரி, விஷயத்துக்கு வர்றேன். நூலகர்ங்கிறவங்க இந்தச் சங்கத்துல யாருண்ணே? சந்தா கட்டுறப்ப சமம். யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, அது கணக்குலயும் சமம்தான், உதவிப் பேராசிரியர் சேர்றதும் சம்பள லெவல் 10, காலேஜ் நூலகர் சேர்றதும் லெவல் 10, ரெண்டு பேருக்கும் 57,700-லதான் ஆரம்பம். செயற்குழுவுல மட்டும் நாங்க டீ சொல்றவங்க, பேனர் அடிக்கக் குடுக்குறவங்க. மே மாசம் நீங்கள்லாம் லீவுல ஊட்டி போட்டோ போடுறப்ப நாங்க ஸ்டாக் எடுத்துட்டு தூசியில தும்மிக்கிட்டு இருப்போம், அந்த லீவு விஷயத்தை கோரிக்கைப் பட்டியல்ல சேக்கச் சொல்லி எத்தனை தடவை எழுதிக் குடுத்தேன், ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கத்துக்குப் போகும், பேச்சுவார்த்தையில முதல்ல விட்டுக்குடுக்குறதும் அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். "பாடம் நடத்துறவனுக்கும் புத்தகம் எடுத்துக் குடுக்குறவனுக்கும் வித்தியாசம் இருக்குல்ல"ன்னு ஒருத்தர் சொன்னப்ப நீங்க சிரிச்சீங்க. சிரிச்சீங்கண்ணே, நான் பாத்தேன்.

ரங்கநாதன் யாருன்னு அவருக்கு அன்னைக்கே சொல்லியிருக்கணும். சீர்காழிக்காரரு, பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியார், 1924-ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் நூலகரா வந்தவரு. வந்த கொஞ்ச நாள்லயே போரடிக்குது, திரும்ப வகுப்புக்கே போயிடுறேன்னு காலேஜ்ல போய் நின்னாராம். லண்டன் போய் படிச்சுட்டு வந்தும் புடிக்கலேன்னா பாத்துக்கலாம்னு அனுப்பிச்சாங்க, போனவரு கணக்கு வாத்தியார் வேலைப் பக்கம் திரும்பவே இல்ல, 1931-ல நூலக அறிவியலுக்கு அஞ்சு விதி எழுதுனாரு. வருஷா வருஷம் ஆகஸ்ட் 12 நூலகர் தினத்துக்கு அவர் படத்துக்கு மாலை போட்டு நீங்களே பேசியிருக்கீங்க. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒத்த ஆளா சேத்து வச்சதுதான் 1994-ல சென்னைக்குப் போய் இவ்வளவு பெரிய ஆராய்ச்சி நூலகம் ஆச்சுன்னு நீங்க மைக்குல சொல்றப்ப எங்களுக்கே சிலிர்க்கும். இறங்கி வந்தா, காலியா கிடக்குற நூலகர் போஸ்ட்டுக்கு ஒரு தந்தி வாசகம் அளவுக்குக் கூட தீர்மானம் கிடையாது. நம்ம ஊருக்காரவுக புத்தகம் சேத்த பெருமை மேடைக்கு, அதைப் பாத்துக்குற ஆளுக்கு சம்பளம் வாங்கித் தர்றது யாரோட வேலையோ.

ஆனா என் போஸ்ட் பர்மனென்ட் ஆனது உங்களாலதான். பைலைக் கையில புடிச்சுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா நீங்க ஏறி இறங்குனது, கிளார்க் இல்லேன்னதும் வராண்டாவுல மதியச் சாப்பாடு இல்லாம உக்காந்தது, எதையும் மறக்கல. மறந்துட்டேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இதுல கஷ்டமே அதுதான், நன்றி இருக்குங்கிறதுக்காக எத்தனை வருஷம் கையைத் தூக்காம இருக்குறது. உங்களுக்கு பழைய பென்ஷன் வந்துருச்சு, நான் 2003 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்தவ, மாசா மாசம் சம்பளத்துலயும் டிஏவுலயும் 10 சதவீதம் சிபிஎஸ்ங்கிற பங்களிப்பு பென்ஷனுக்குன்னு புடிச்சிருக்காங்க. இது உங்க தப்பில்ல. ஆனா "பொறுத்துப் போவோம்"னு நீங்க சொல்றப்ப, பொறுத்தா உங்களுக்குப் போறது ஒண்ணுமில்லேன்னு எங்களுக்குத் தோணத்தான் செய்யும்.

அப்புறம் அந்த 1988 தீர்ப்பு. எதைக் கேட்டாலும் "ஆசிரியர் தொழில் தகராறு சட்டப்படி தொழிலாளியே இல்லேன்னு சுந்தராம்பாள் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, நம்ம கை கட்டித்தான் இருக்கு"ம்பீங்க. அந்தத் தீர்ப்பை நானும் எடுத்துப் படிச்சேன், லைப்ரரிதானே என் இடம். தொழிலாளி இல்லேன்னு சொன்ன அதே கையோட, வேலையை விட்டு எடுத்தா ஆசிரியர்களும் போய் முறையிட ஒரு ஏற்பாடு சட்டத்துல வேணும்னும் சொல்லியிருக்காங்க. அந்தப் பத்தியை நீங்க ஒரு மேடையிலயும் வாசிச்சு நான் கேட்டதில்ல. நான் வாசிப்பேன்.

அடுத்தது, கெஸ்ட் லெக்சரருங்களுக்கு சங்கத்துல ஓட்டு. இதுதான் உங்களுக்கு ஆகாதுன்னு தெரியும். ஒரு வகுப்புக்கு 1,500, மாசத்துக்கு 50,000 வரைக்கும்னு யூஜிசி 2019-லயே சொல்லியாச்சு, நம்ம பக்கத்துப் பிள்ளைங்க பல பேருக்கு அதுல பாதி கூட கைக்கு வர்றதில்ல. அவங்களைச் சேத்தா கணக்கு மாறிரும்னு உங்க ஆளுங்க பயப்படுறாங்க. மாறட்டுமே. ஒரு காலத்துல நானும் தற்காலிகம்தான், அன்னைக்கு என்னைய வெளியில நிறுத்தலையே நீங்க, இவங்களை மட்டும் ஏன்?

இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு, நிதி சம்பந்தமா. பொதுவுல வேணாம். நேர்ல கேக்குறேன், நீங்களும் நேர்லயே சொல்லுங்க.

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க பழைய மினிட்ஸ் நோட்டு மூணும் சந்தா ரிஜிஸ்டரும் வேணும்னு தேர்தல் அலுவலர் கேட்டிருக்காரு. அது உங்க ரெண்டாங்கட்டு அலமாரியில, மேல் தட்டுல இருக்கு, நான்தான் வச்சேன். வெள்ளிக்கிழமைக்குள்ள யார்கிட்டயாவது குடுத்து விட்டீங்கன்னா நல்லது. ஆள் கிடைக்கலேன்னா நானே வந்து எடுத்துக்குறேன், வாசல்லயே நின்னு வாங்கிட்டுப் போயிடுவேன், பணியாரம்லாம் வேணாம்னு அண்ணிகிட்ட சொல்லிடுங்க.