கிளினிக் நர்ஸுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிளினிக்குகளில் கூட்டம் குறைய வழி சொல்கிறவர்கள் பெரும்பாலும் டாக்டர்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். அதே கிளினிக்கில் பி.பி. பார்த்து, ஊசி போட்டு, கட்டு மாற்றும் நர்ஸ் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை வார்டில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது ஒரு பொது மருத்துவரின் கிளினிக்கில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

வார்டு வேலை வேறு, இது வேறு. வார்டில் மருந்தை நாமே கொடுப்போம். அது எப்படி வேலை செய்கிறது என்று ஷிப்ட் முழுக்கப் பார்ப்போம். சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே சீனியர் சிஸ்டர் இருப்பார். கிளினிக்கில் நோயாளி சில நிமிடம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். மருந்தைப் போட்டுக்கொள்ளப் போவதும் அவரேதான்.

இன்சுலின் போடும் பெரியவர் ஒருவருக்கு சுகர் இறங்கவே இல்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் டோஸ் ஏறியது. சட்டையைத் தூக்கச் சொல்லி வயிற்றைத் தடவிப் பார்த்தேன். தொப்புளுக்கு வலப்பக்கம் ரப்பர் போலத் தடித்திருந்தது. "அங்கே குத்தினா வலிக்கலம்மா" என்றார். வலிக்காதுதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துவிடும். அங்கே போடும் இன்சுலின் ஒரு நாள் சரியாக ஏறும், ஒரு நாள் ஏறாது. இடம் மாற்றிப் போடச் சொன்னோம். டாக்டர் டோஸையும் குறைத்தார். நல்ல இடத்தில் பழைய அளவையே போட்டால் சுகர் சட்டென்று தாழ்ந்துவிடும் அல்லவா? இதைப் பற்றிக் கல்லூரியில் ஒரு பத்தி படித்திருந்தேன். விரலால் தடவிக் கண்டுபிடிக்கக் கற்றது கிளினிக்கில், எனக்கு முன்பு அங்கிருந்த அக்காவிடம். அவர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

பி.பி. பார்ப்பதும் அப்படித்தான். படியேறி வந்தவரை உடனே உட்கார வைத்து, பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டி, பேசிக்கொண்டே பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும். அந்த எண்ணை நம்பி ஆயுள் முழுக்க மாத்திரை தொடங்கலாமா?

முதல்நிலை சிகிச்சையில் டாக்டருக்குப் பதிலாக நர்ஸ் நோயாளிகளைப் பார்த்த 18 ஆய்வுகளை 2018இல் காக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சர்வதேச அமைப்பு தொகுத்து ஆராய்ந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் பார்த்த நோயாளிகளின் உடல்நிலை, டாக்டர்கள் பார்த்தவர்களுடையதைப் போலவே, சில விஷயங்களில் சற்று மேலாகவும் இருந்தது. நர்ஸ்கள் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் அதில் இருக்கிறது. நோயாளிகளுக்கு அது பிடித்திருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் அந்தப் பயிற்சி எங்கே கிடைக்கிறது? எங்களில் பலருக்கு, மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி புது இன்ஹேலரைக் காட்டிவிட்டுப் போகும் கால் மணி நேரம்தான் வகுப்பு. அவர் தன் கம்பெனிச் சரக்கைப் பற்றித்தானே சொல்வார்! மற்றபடி படிக்க வேண்டுமென்றால் சொந்தச் செலவில், விடுமுறை நாளில்.

நர்சிங் படிப்பிலேயே மாணவிகளை வார்டுக்கு அனுப்புவது போலக் கிளினிக்குக்கும் சில வாரம் அனுப்ப வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தோடு படிப்பு நேரம் வேண்டும். ஆறாத புண், சுகர்காரர்களின் பாதம், தடுப்பூசி, ஆஸ்துமா இவற்றைக் கைப்பழக்கமாகச் சொல்லித்தர வேண்டும். தடுப்பூசி போட்டதும் ஒருவருக்குக் கடும் ஒவ்வாமையால் மூச்சுத் திணறினால், அதற்கான அட்ரினலின் ஊசியைத் தொடையில் போடத் தயங்காத பழக்கம் புத்தகத்தால் வராது. எப்போது டாக்டரின் கதவைத் தட்ட வேண்டும் என்பதும் பாடத்தில் இருக்கட்டும்; நர்ஸ் டாக்டராகிவிடப் பார்க்கிறாள் என்று பயப்படுகிறவர்களுக்கு என் பதில் அதுதான்.

"நீ வகுப்புக்குப் போனால் கட்டு யார் மாற்றுவது?" என்று கிளினிக் நடத்துகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பக்கத்துப் பக்கத்துக் கிளினிக்குகள் சேர்ந்து முறை வைத்து ஆளை மாற்றிக்கொண்டால் சமாளிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு கிளினிக் செவிலியர்